எதிர்ப்புச் சக்தி இருந்தும் மார்பில் கட்டி வளர்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். நோய் எதிர்ப்பியல் என் பாடம். ஐந்து வருடத்துக்கு முன் வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் சித்திக்கு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். அந்த நாளிலிருந்து, சித்தியோடு நடவு நட்ட பெண்கள், மருத்துவமனை வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், என் மாணவிகளின் அம்மாக்கள் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகள் ஒரு நோட்டில் சேர்ந்துவிட்டன. அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலைக் கீழே தருகிறேன். நான் மருத்துவர் அல்ல. சிகிச்சை முடிவுகளை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். கட்டிக்குள் செல்கள் என்ன செய்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

"எனக்கு எதிர்ப்புச் சக்தி கம்மியா இருந்ததாலதான் இது வந்துச்சா?"

இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்கிறார்கள். சரியாகச் சாப்பிடவில்லை, உடம்பைக் கவனிக்கவில்லை, அதனால்தான் வந்தது என்று தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள்.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குச் சில புற்றுநோய்கள் அதிகமாக வருகின்றன. நிணநீர்ப் புற்றுநோய், தோல் புற்றுநோய், வைரஸால் வரும் வேறு சில புற்றுநோய்கள் அந்தப் பட்டியலில் உண்டு. மார்பகப் புற்றுநோய் அப்படிக் கூடுவதில்லை. எதிர்ப்புச் சக்தி குறைவதுதான் காரணம் என்றால் முதலில் அவர்களுக்குத்தானே வரிசையாக வந்திருக்க வேண்டும்?

இந்தியாவில் 2022இல் மட்டும் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு மதிப்பிடுகிறது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சளி பிடித்தால் தானே சரியாகியிருக்கும், அரிவாள் பட்ட புண் தானே ஆறியிருக்கும். காவல் இருந்தது, வேலையும் செய்தது. அப்படியிருந்தும் கட்டி எப்படித் தப்பியது என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம்.

"அது நம்ம உடம்புக்குள்ளேயே வளர்ற கெட்ட செல்லுதானே, காவல் செல்லுக்குத் தெரியாதா?"

பல நேரம் தெரிகிறது. உடம்பின் ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டி, மேல் தோலில் மாட்டி வைக்கிறது. டி செல் என்ற வெள்ளை அணு அந்தத் துண்டுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே நகர்கிறது. மரபணு கெட்டுப்போன செல்லில் புரதமும் கோணலாக இருக்கும். அந்தக் கோணல் துண்டை அடையாளம் கண்டுவிட்டால் டி செல் அதோடு ஒட்டிக்கொண்டு பெர்ஃபோரின் என்ற புரதத்தால் ஓட்டை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்தும். அந்தச் செல் செத்துவிடும். துண்டே மாட்டாமல் ஒளிந்துகொள்ளும் செல்லும் உண்டு. "இதில் ஏன் ஒன்றுமே மாட்டவில்லை?" என்று பார்த்து அதைக் கொல்வதற்கு என்.கே. செல் என்று இன்னொரு வகை இருக்கிறது.

அப்படியானால் எப்படித் தப்புகிறது? இதற்கு நம் வயலைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. சம்பா வயலில் களை எடுக்கிறவர்களுக்குக் குதிரைவாலிப் புல்லைத் தெரியும். இளசாக இருக்கும்போது நெல் எது, புல் எது என்று பிரிப்பது கஷ்டம். பார்வைக்கு வேறுபட்டு நிற்பதைப் பிடுங்கிவிடுகிறோம். அச்சு அசலாக நெல்லைப் போலவே இருப்பது கையில் சிக்காமல் நின்று, கதிர் விட்டு, விதை உதிர்க்கிறது. அடுத்த பட்டத்தில் அதன் வாரிசுகள்தான் அதிகம். தலைமுறை தலைமுறையாகக் கையால் களை எடுத்ததாலேயே நெல்லை உரித்து வைத்ததுபோல ஒரு புல் உருவாகிவிட்டது. களை எடுத்தவர்கள் சோம்பேறிகள் என்று யாரும் சொல்ல முடியாது.

கட்டியிலும் இதுதான் நடக்கிறது. முதலில் காவல் செல்கள் வித்தியாசமாகத் தெரியும் செல்களை அழிக்கின்றன. பிறகு நீண்ட காலம், சில சமயம் பல வருடங்கள், இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக்கொண்டு நிற்கின்றன. கடைசியில் அடையாளம் தெரியாத செல்கள் மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. நம் கையில் கட்டி தட்டுப்படுவது இந்த மூன்றாவது கட்டத்தில்தான்.

அமெரிக்காவில் ராபர்ட் ஷ்ரைபர் குழு 2001இல் இதை எலிகளில் காட்டியது. டி செல்லும், பி செல் என்ற இன்னொரு வெள்ளை அணுவும் இல்லாத எலிகளில் வளர்ந்த கட்டிகளை நல்ல எலிகளுக்கு மாற்றினார்கள். அவற்றில் ஒரு பகுதியை நல்ல எலிகள் ஒதுக்கித் தள்ளி அழித்துவிட்டன. நல்ல எலியிலேயே வளர்ந்த கட்டியை இன்னொரு நல்ல எலிக்கு மாற்றியபோது ஒன்றுகூட அழியவில்லை. களை எடுக்காத வயலின் புல்லைப் பார்த்தவுடன் தெரிந்தது. களை எடுத்த வயலில் மிஞ்சிய புல் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

"வெள்ளை அணுவே கட்டிக்கு உதவி பண்ணுதுன்னு ஒரு வீடியோவில சொன்னாங்களே, நெசமா?"

நிஜம்தான். என் மாணவிகளும் முதலில் நம்புவதில்லை.

மேக்ரோஃபேஜ் என்று ஒரு வெள்ளை அணு இருக்கிறது. அதற்கு இரண்டு வேலை. கிருமி வந்தால் விழுங்குவது ஒன்று. புண் ஆறும் நேரத்தில் குப்பையை அள்ளி, புது ரத்தக் குழாயை வரவழைத்து, சுற்றியுள்ள செல்களை வளரச் சொல்வது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலை இல்லாவிட்டால் நமக்கு ஒரு கீறல்கூட ஆறாது. மார்பகத்துக்கு இது இன்னும் முக்கியம். பிள்ளை பால் மறந்த பிறகு பால் சுரப்பிகள் சுருங்கிப் பழைய நிலைக்குத் திரும்பும்போது அந்தச் சுத்தம் செய்யும் வேலையிலும் மேக்ரோஃபேஜ்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கட்டி தன்னை ஆறாத புண்ணைப் போலக் காட்டிக்கொள்கிறது. 1986இல் ஹரால்ட் டுவோராக் என்ற நோயியல் மருத்துவர் புற்றுநோய்க் கட்டிகளை 'ஆறாத புண்கள்' என்றே குறிப்பிட்டார். புண் என்று நினைத்து வரும் மேக்ரோஃபேஜ் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ரத்தக் குழாய் வருகிறது, சாப்பாடு வருகிறது, வளர்ச்சிக்கான சமிக்ஞை வருகிறது. எல்லாம் கட்டிக்குப் போய்ச் சேர்கிறது. வேலியே பயிரை மேய்ந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்த உவமை பிடிக்கவில்லை. மேக்ரோஃபேஜ் துரோகம் செய்யவில்லை. தவறான முகவரிக்கு வரவழைக்கப்பட்டிருக்கிறது.

மார்பகப் புற்றுநோயில் இந்தக் கூட்டு எவ்வளவு நெருக்கமானது என்று பாருங்கள். புற்றுச் செல் சி.எஸ்.எஃப்-1 என்ற புரதத்தைச் சுரந்து மேக்ரோஃபேஜை இழுக்கிறது. மேக்ரோஃபேஜ் பதிலுக்கு இ.ஜி.எஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தைத் தருகிறது. அதை வாங்கிய புற்றுச் செல் நகரத் தொடங்கி மறுபடியும் சி.எஸ்.எஃப்-1 சுரக்கிறது. இப்படி ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இரண்டும் ரத்தக் குழாய் வரைக்கும் நடந்து போகின்றன. குழாயின் சுவரில் ஒரு மேக்ரோஃபேஜ், ஒரு புற்றுச் செல், குழாயின் சுவர்ச் செல் ஆகிய மூன்றும் ஒட்டி நிற்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கேதான் மதகு திறந்ததுபோல் புற்றுச் செல் ரத்தத்துக்குள் இறங்குகிறது. சி.எஸ்.எஃப்-1 சுரக்க முடியாத எலிகளை வைத்து 2001இல் ஒரு ஆய்வு நடந்தது. அந்த எலிகளுக்கும் மார்பில் கட்டி வந்தது. ஆனால் அது முற்றுவதும் நுரையீரலுக்குப் பரவுவதும் வெகுவாகக் குறைந்திருந்தன.

அப்படியென்றால் மேக்ரோஃபேஜை அடைத்துவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். முயன்று பார்த்தார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து இந்தச் செல்களை வெளியே அழைக்கும் சமிக்ஞையை ஒரு மருந்தால் தடுத்தபோது எலிகளில் பரவல் குறைந்தது. மருந்தை நிறுத்தினார்கள். மஜ்ஜைக்குள் தேங்கி நின்ற செல்கள் ஒரேயடியாக வெளியே பாய்ந்து, பரவல் முன்பைவிட வேகமாகிவிட்டது. 2014இல் வெளியான ஆய்வு இது. மேட்டூரில் தண்ணீரைத் தேக்கித் திடீரென்று திறந்தால் கொள்ளிடக் கரை என்ன ஆகும் என்று தெரிந்த ஊர் நம்முடையது. அதனால் இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இல்லை.

"கொல்ல வந்த டி செல்லு ஏன் சும்மா நிக்குது?"

டி செல்லுக்கு பிரேக் உண்டு. அது இல்லாவிட்டால் கிருமியை அடித்து முடித்த பிறகும் நிற்காமல் நம் மூட்டையும் தைராய்டையும் அடிக்கத் தொடங்கிவிடும். பி.டி-1 என்பது அப்படி ஒரு பிரேக். ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகம் 1992இல் அதைக் கண்டுபிடித்தது. சி.டி.எல்.ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கைத் தடுத்தால் எலிகளில் கட்டி கரைவதை ஜேம்ஸ் ஆலிசன் காட்டினார். இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

சில புற்றுச் செல்கள் தங்கள் மேல் பி.டி-எல்1 என்ற புரதத்தை வளர்த்து வைத்திருக்கின்றன. அது டி செல்லின் பி.டி-1மீது பட்டதும் பிரேக் விழுந்துவிடுகிறது. இது போதாதென்று ஒழுங்குபடுத்தும் டி செல் என்று ஒரு பிரிவு. மற்ற டி செல்களைச் சாந்தப்படுத்துவதுதான் அதன் வேலை. நம் உடம்பை நாமே தாக்காமல் காப்பது அதுதான். 2025 நோபல் பரிசு அந்தச் செல்லைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் போனது. கட்டி அதையும் தன் பக்கம் கூட்டிவைத்துக்கொள்கிறது. இன்னும் சில கட்டிகளில் நார்த்திசு தடித்து வரப்பு மாதிரி சுற்றி நிற்க, டி செல்கள் உள்ளேயே போக முடியாமல் கரையில் நின்றுவிடுகின்றன.

ஆகவே ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தால் எதிர்க்கும் செல், உதவும் செல், தடுக்கப்பட்ட செல் மூன்றும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும். "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டு" என்று பொதுவாகச் சொன்னால் இதில் எதைக் கூட்டுவது?

"அப்போ எதிர்ப்புச் சக்திக்கு விக்கிற பவுடர், கஷாயம் எல்லாம் வேண்டாமா?"

மேலே சொன்னதுதான் என் பதில். எதிர்ப்புச் சக்தி ஒரே ஒரு டேங்க் அல்ல, ஊற்றி நிரப்புவதற்கு. கட்டிக்குள் இருக்கும் மேக்ரோஃபேஜ் எந்தப் பக்கம் சாய வேண்டும், எந்த டி செல்லின் பிரேக்கை எடுக்க வேண்டும் என்று எந்த பவுடருக்கும் தெரியாது.

நிலவேம்புக் கஷாயம், கபசுரக் குடிநீர், அமுக்கரா லேகியம், சீந்தில் எல்லாம் நம் வீடுகளில் இருப்பவைதான். எனக்கு அவற்றின் மேல் வெறுப்பு கிடையாது. ஆனால் கீமோ மருந்துகளில் பல கல்லீரல் வழியாகத்தான் வெளியேறுகின்றன. சீந்தில், அமுக்கரா இரண்டாலும் கல்லீரல் பாதிக்கப்பட்ட நோயாளிகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கீமோ நடக்கும்போது ஏதாவது சாப்பிட்டால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைக்கிறவர்கள்தான் அதிகம். சோறு, பருப்பு, முட்டை, மீன், கீரை என்று வயிறு ஏற்கும்வரை சாப்பிடுங்கள். புரதம் குறையக் கூடாது.

"கீமோ போட்ட பிறகு காய்ச்சல் வந்தா என்ன செய்யணும்?"

இந்த ஒரு பதிலை மட்டுமாவது யாரிடமாவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

கீமோ வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்கிறது. மஜ்ஜையில் பிறக்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவும் அதில் சேர்த்தி. பொதுவாக ஊசி போட்ட 7 முதல் 14 நாட்களுக்குள் அதன் எண்ணிக்கை மிகவும் இறங்கும். அந்த நாட்களில் உடம்புச் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அது அவசரம். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. பாராசிட்டமால் போட்டுச் சூட்டை இறக்கிவிட்டுக் காத்திருக்கவும் கூடாது. ரத்தத்தில் கிருமி பரவ ஒரு இரவு போதும். சீழ் பிடிக்கவும் வீங்கவும்கூட நியூட்ரோஃபில் வேண்டும். அது இல்லாததால் வேறு எந்த அறிகுறியும் தெரியாமல் காய்ச்சல் மட்டும்தான் தெரியும்.

சித்திக்கு இரண்டாவது கீமோ முடிந்து ஒன்பதாம் நாள் இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் வந்தது. ஐப்பசி மழை, ரோட்டில் தண்ணீர். காலையில் போகலாம் என்று நாங்கள்தான் முடிவு செய்தோம். படித்த நானும் அந்த முடிவில் இருந்தேன். காலையில் அவரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. எட்டு நாள் ஊசி மருந்து ஏறிய பிறகு பிழைத்தார். அந்த இரவை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. 108க்கு அப்போதே கூப்பிட்டிருக்க வேண்டும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தையாக "கீமோ போட்டு இத்தனை நாள் ஆச்சு, காய்ச்சல்" என்று சொல்லுங்கள்.

"அக்குள்ல நெறி கட்டினா பரவிடுச்சுன்னு அர்த்தமா?"

எப்போதும் அப்படி இல்லை. நிணநீர் முடிச்சுகள் டி செல்களும் பி செல்களும் கூடிப் பயிற்சி பெறும் இடம். கையில் முள் குத்திச் சீழ் பிடித்தாலும் அக்குளில் நெறி கட்டும், வலிக்கும், புண் ஆறியதும் அடங்கிவிடும். மார்பிலிருந்து வடியும் நிணநீரில் பெரும்பகுதி இந்த முடிச்சுகளுக்குத்தான் முதலில் வருகிறது. கட்டியின் துண்டுகளை இங்கே பார்த்துத்தான் டி செல் தயாராகிறது. புற்றுச் செல் வெளியேறினாலும் முதலில் வந்து தங்குவது பெரும்பாலும் இங்கேதான். வலியில்லாமல் கெட்டியாக, நகராமல், இரண்டு மூன்று வாரம் ஆகியும் அடங்காத நெறி என்றால் காட்டிவிட வேண்டும்.

"அக்குள்ல முடிச்சை எடுத்துட்டாங்க. இனிமே நடவுக்குப் போகலாமா?"

சித்தி கேட்ட கேள்வி இது. நாற்பது வருடம் நட்ட கை.

முடிச்சுகளை எடுத்துவிட்டால் அந்தக் கையில் நிணநீர் வடிவதும், காவல் செல்கள் போய்வருவதும் குறைகின்றன. சின்னக் கீறல் வழியாக நுழையும் கிருமிகூட மளமளவென்று பரவி, கை சிவந்து வீங்கிக் குளிர்காய்ச்சல் வந்துவிடும். ஒவ்வொரு முறை அப்படி வரும்போதும் வீக்கம் நிரந்தரமாகத் தங்கும் வாய்ப்பு கூடுகிறது. சேற்றில் நத்தை ஓடு, நண்டுக் கொடுக்கு, அறுத்த தாளின் முனை, அட்டைக்கடி எல்லாம் இருக்கின்றன. வேலையே செய்யக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. கையை அசைப்பதும் மெதுவாகப் பலப்படுத்துவதும் நல்லதுதான். மருத்துவர் சரி என்ற பிறகு, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் தொடங்குங்கள். கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். சித்தி இப்போது நடவுக்குப் போவதில்லை, நாற்று முடி எண்ணிக் கொடுக்கிறார். கையுறையோடுதான்.

"ரிப்போர்ட்டில டிரிபிள் நெகட்டிவ்னு போட்டிருக்கு. ரொம்ப மோசமா?"

வளரச் சொல்லும் சமிக்ஞையை வாங்கும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் ஹார்மோன்களுக்கான ஏற்பிகள், ஹெர்2 ஏற்பி என்ற மூன்றும் இல்லாத வகை அது. இந்தியாவில் வெளியான ஆய்வுகளில் மார்பகப் புற்றுநோய்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இந்த வகை. மேலை நாடுகளைவிட இது அதிகம். ஹார்மோன் மாத்திரை இதற்கு வேலை செய்யாது, வேகமாக வளரும். அந்த வகையில் கடினமானதுதான்.

ஆனால் காவல் செல்கள் அதிகம் நுழைவதும் இந்த வகைக்குள்தான். நுண்ணோக்கியில் பார்க்கும்போது கட்டிச் செல்களுக்கு நடுவே நீலப் புள்ளிகளாக லிம்ஃபோசைட்டுகள், அதாவது டி செல் போன்ற வெள்ளை அணுக்கள், திரண்டிருப்பது தெரியும். அவற்றை டில்ஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள், எத்தனை சதவீதம் என்றும் குறிப்பார்கள். டிரிபிள் நெகட்டிவிலும் ஹெர்2 வகையிலும் இந்தச் சதவீதம் கூடக்கூட நோயாளி தேறும் வாய்ப்பும் கூடுகிறது. ஹார்மோன் ஏற்பி இருக்கும் வகைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துவதில்லை.

"இம்யூனோதெரபி போட்டா கீமோ வேண்டாம்தானே?"

இம்யூனோதெரபி என்பது நம் எதிர்ப்பு செல்களையே புற்றுநோய்மீது ஏவும் சிகிச்சை. மார்பகப் புற்றுநோயில் இப்போதைக்குக் கீமோவோடு சேர்த்துத்தான் தருகிறார்கள். பெம்ப்ரோலிசுமாப் என்ற ஊசி பி.டி-1 பிரேக்கை விழாமல் தடுக்கிறது. 1,174 பேர் கலந்துகொண்ட ஒரு பெரிய ஆய்வில், ஆரம்ப நிலையில் இருந்தாலும் திரும்பி வரும் ஆபத்து அதிகமுள்ள டிரிபிள் நெகட்டிவ் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் கணக்குப் பார்த்த 602 பேரில், ஆபரேஷன் நேரத்தில் கட்டி முழுவதும் கரைந்திருந்தவர்கள் கீமோ மட்டும் பெற்றவர்களில் 51.2 சதவீதம், ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 64.8 சதவீதம். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 81.7க்கு 86.6 சதவீதம். அமெரிக்காவில் 2021இல் இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடைத்தது.

வித்தியாசம் உண்மையானது, ஆனால் மந்திரம் இல்லை. பிரேக்கை எடுத்தால் டி செல் நல்ல திசுக்களையும் அடிக்கலாம். தைராய்டு கெடலாம், விடாத வயிற்றுப்போக்கு, நுரையீரல் அழற்சி, அட்ரினல் சுரப்பிக் கோளாறு வரலாம். சிலருக்கு அது வாழ்நாள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டிய நிலையில் விடும். விலையும் ஒரு தவணைக்கே லட்சத்தைத் தாண்டுகிறது. நகையை அடகு வைப்பதற்கு முன், கட்டி எந்த வகை, எந்த நிலை, பரவியிருந்தால் பி.டி-எல்1 சோதனை முடிவு என்ன, முதலமைச்சர் காப்பீட்டில் எது கிடைக்கும் என்று கேளுங்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு இதே குடும்பத்து மருந்தான நிவோலுமாபை மிகக் குறைந்த அளவில், மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பலன் இருந்தது. மார்பகத்துக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் நம் நாட்டில் இப்படி யோசிக்கிறார்கள் என்பது எனக்கு நிறைவாக இருக்கிறது.

ஹெர்2 வகைக்கு 1998 முதல் புழக்கத்தில் உள்ள டிராஸ்டுசுமாபும் பாதி எதிர்ப்பு சிகிச்சைதான். புற்றுச் செல்லின் மேல் ஒட்டி வளர்ச்சியைத் தடுப்பதோடு, தன் வாலைக் காட்டி என்.கே. செல்லைக் கூப்பிட்டுக் கொல்லவும் வைக்கிறது.

"கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே? ஊசி குத்திச் சதை எடுக்கலாமா?"

எடுக்கத்தான் வேண்டும். பயாப்ஸி செய்ததால் நோயாளிகள் சீக்கிரம் இறந்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. எந்த வகை என்று தெரியாமல் மேலே சொன்ன எந்த மருந்தையும் தரவும் முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு புண் ஆறும்போது எழும் அழற்சி, வேறெங்கோ தூங்கும் செல்களைத் தட்டி எழுப்பலாம் என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். அதை வைத்து மனிதர்களுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று எந்தப் புற்றுநோய் மருத்துவரும் சொல்வதில்லை. கட்டியை உள்ளே விட்டுவைத்தால் அது தினமும் செல்களை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில்தான் அடையாறு மருத்துவமனைக்காகப் போராடி 1954இல் அதைத் தொடங்கினார். இன்று தஞ்சாவூர், திருச்சி வரை போனாலே பயாப்ஸி எடுத்துவிடலாம். இந்த ஒரு பேச்சுக்குப் பயந்து ஆறு மாதம், ஒரு வருடம் வீட்டிலேயே இருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது தாங்க முடியவில்லை.

"பால் கட்டு மாதிரி செவந்து வீங்கியிருக்கு. மல்லிகைப்பூ வச்சுக் கட்டினா போதுமா?"

பால் கொடுக்கும் காலத்தில் பெரும்பாலும் அது பால் கட்டோ கிருமித் தொற்றோதான். எதிர்ப்பு செல்களே கூடித் திரண்டு புற்றுநோய் மாதிரிக் கட்டியாகத் தெரியும் அழற்சி நோயும் ஒன்று உண்டு, அது புற்றுநோய் இல்லை. ஆனால் அழற்சி வகை மார்பகப் புற்றுநோய் என்று அரிதாக ஒன்று இருக்கிறது. தோலின் நிணநீர்க் குழாய்களைப் புற்றுச் செல்கள் அடைத்துக்கொள்வதால் மார்பு சிவந்து, சூடாகி, தோல் ஆரஞ்சுத் தோல்போல் குழி குழியாகும். மருந்து சாப்பிட்டு ஒரு வாரம், பத்து நாளில் குறையவில்லை என்றால் பூவை எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

"அவங்க தட்டுல சாப்பிட்டா, துணியைத் துவைச்சா ஒட்டுமா?"

ஒட்டாது. அடுத்தவரின் செல் நம் உடம்புக்குள் வந்தாலே நம் டி செல் அந்நியன் என்று கண்டுகொண்டு கொன்றுவிடும். ஒருவர் சிறுநீரகத்தை மற்றவருக்கு வைக்க அத்தனை மாத்திரை தேவைப்படுவது இதனால்தான். புற்றுச் செல் ஏமாற்றக் கற்றது அந்த ஒரு உடம்பின் காவலை மட்டும்தான். தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிற வீடுகளில் இதைச் சொல்லுங்கள்.

"பத்து வருஷம் கழிச்சுத் திரும்பி வந்திருக்கு. அதுவரைக்கும் எங்கே இருந்துச்சு?"

எலும்பு மஜ்ஜையிலும் நுரையீரலிலும் ஒன்றிரண்டு செல்களாகத் தூங்கியிருக்கும். குறிப்பாக ஹார்மோன் வகை, 20 வருடம் கழித்துக்கூட எழுந்து வருவதுண்டு. தூங்கும் செல்களைக் கட்டுக்குள் வைப்பதில் டி செல்லுக்கும் என்.கே. செல்லுக்கும் பங்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எழுப்புவது எது? 2018இல் வந்த எலி ஆய்வு ஒன்றில், புகையிலைப் புகை நுரையீரலில் அழற்சியை உண்டாக்க, அங்கே வந்த நியூட்ரோஃபில்கள் கிருமியைப் பிடிக்க வீசும் வலை அருகிலிருந்த புரதத்தை வெட்ட, அந்த வெட்டுப்பட்ட புரதம் தூங்கிய புற்றுச் செல்லை எழுப்பிவிட்டது. மனிதர்களில் இப்படித்தான் நடக்கிறது என்று இன்னும் சொல்ல முடியாது. இருந்தாலும் சித்தப்பாவின் பீடியை அன்றிலிருந்து வாசலுக்கு அனுப்பிவிட்டேன். ஹார்மோன் மாத்திரையை ஐந்து வருடம், பத்து வருடம் என்று எழுதிக் கொடுத்தால் நடுவில் நிறுத்தாதீர்கள்.

"என் பொண்ணுக்குத் தடுப்பூசி போடலாமா?"

மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை, சோதனையில்தான் இருக்கின்றன. எச்.பி.வி என்ற வைரஸைத் தடுக்கும் ஊசி கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு. அதை மகளுக்குப் போடுங்கள், நல்லது.

"ஆபரேஷன் முடிஞ்சதும் ஆஸ்பத்திரியில என்ன வாங்கி வச்சுக்கணும்?"

ரிப்போர்ட்டை எல்லோரும் வாங்குகிறார்கள். மெழுகுக் கட்டையை யாரும் கேட்பதில்லை. எடுத்த சதையிலிருந்து சின்னத் துண்டை பாராஃபின் மெழுகில் பதித்து வைப்பார்கள், தீப்பெட்டியில் பாதி அளவுதான் இருக்கும். புற்றுச் செல்லும் அதைச் சுற்றி நின்ற டி செல், மேக்ரோஃபேஜ் எல்லாமும் அந்த நாளில் நின்ற நிலையிலேயே அதற்குள் இருக்கும். வேறு மருத்துவமனைக்கு மாறினாலும், பல வருடம் கழித்துப் புதுச் சோதனை வந்தாலும் அதிலிருந்து சீவி எடுத்துப் பார்க்கலாம். "பிளாக்" என்று கேட்டால் தருவார்கள், அல்லது பத்திரமாக வைத்திருப்போம் என்று சொல்வார்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் கொடுத்தால் வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும், மெழுகு இளகிவிடும். சித்தியின் கட்டைகள் இரண்டும் மரப்பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், ரேஷன் கார்டோடு ஒரே டப்பாவில் இருக்கின்றன.